கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரிந்தால் எவ்வளவு வெளிச்சமாக இருக்கும்?

கதிர்வீச்சு என்றதும் பலருக்கும் மனதில் ஒரு நிறம் வந்து நிற்கும். பச்சை. இருட்டில் மினுமினுக்கும், கொஞ்சம் கொழகொழப்பான பச்சை. கார்ட்டூனிலும் வீடியோ கேமிலும் அணுக்கழிவுப் பீப்பாயிலிருந்து வழிவது அந்த நிறத்தில்தான். நிஜத்தில், கதிர்வீச்சிலேயே அதிகம் ஊடுருவும் வகையான காமா கதிருக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. உயிரை எடுக்கும் அளவுக்கு உடம்புக்குள் பாய்ந்தாலும், பாயும் நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் உறைக்காது. 'கண்ணுக்குத் தெரியாத ஆபத்து' என்று செய்திகளில் ஓயாமல் எழுதுவது இதனால்தான்.

சரி, தெரிந்தால்? கேள்வி கொஞ்சம் விளையாட்டுத்தனமானது. ஆனாலும் அந்த நச்சுப் பச்சை நம் தலைக்குள் ஒரு எண்ணத்தை ஊன்றிவிட்டது: ஆபத்து தெரிந்துவிட்டால் எல்லோரும் ஓடித் தப்பித்துவிடுவார்கள் என்று. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. வரலாற்றைப் புரட்டினால் இன்னும் மோசம்.

முதலில் கணக்கு. கற்பனைக்கு ஒரு விதி போட்டுக்கொள்வோம். ஒரு கதிரியக்கப் பொருள் நொடிக்கு எவ்வளவு ஆற்றலை வெளியே விடுகிறதோ, அதே அளவு ஆற்றல் நாம் பார்க்கக்கூடிய வெள்ளை ஒளியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் காமா கதிருக்கு ஒரு வாட் வெளிச்சம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இப்போது நிஜமான ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரத்தில், கைவிடப்பட்ட புற்றுநோய் சிகிச்சை இயந்திரம் ஒன்றிலிருந்து சீசியம்-137 வெளியே வந்தது. சீசியம் குளோரைடு, மொத்தம் 93 கிராம். அதில் நொடிக்கு சுமார் 50 லட்சம் கோடி அணுக்கள் சிதைந்துகொண்டிருந்தன. நான்கு பேர் இறந்தார்கள். 249 பேரின் உடம்பிலோ உடையிலோ உள்ளுக்குள்ளோ அந்தப் பொடி இருந்தது. அணு உலை விபத்துகளைத் தள்ளிவைத்துப் பார்த்தால் இதுவரை நடந்த மிக மோசமான கதிரியக்க விபத்துகளில் ஒன்று.

அந்த 93 கிராம் நம் விதிப்படி எவ்வளவு வெளிச்சம் தரும்? காமா கதிராக வெளியேறிய ஆற்றலை மட்டும் கூட்டினால் சுமார் நான்கரை வாட்.

நான்கரை வாட்தான். வீட்டில் மாட்டும் 10 வாட் எல்.இ.டி. பல்பில் பாதிக்கு மேல் சூடாகவே போய்விடுகிறது; ஒளியாக வருவது மூன்று, நான்கு வாட் இருக்கும். அதாவது கோயானியாவைக் கலங்கடித்த அந்தப் பொருள், நம் கற்பனை உலகத்தில், கூடத்தில் எரியும் சாதாரண பல்பை விடக் கொஞ்சம் பிரகாசமாக இருந்திருக்கும். கண் கூசாது. அதனடியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். ஆனால் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தால் உடம்பில் நான்கு கிரேக்கு மேல் இறங்கியிருக்கும். ஒரு கிலோ உடம்பில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அது ஒரு கிரே. உடம்பு முழுவதும் நான்கைந்து கிரே வாங்கியவர்களுக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள்.

உச்சி வெயிலோடு ஒப்பிட்டால் இது இன்னும் வேடிக்கையாக இருக்கும். நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் ஆயிரம் வாட் வெயில் விழுகிறது. நம் கொலைகார விளக்கிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் விழுவது அதில் இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. வெயிலில் வெறும் வியர்வைதான் வழியும். இதில் உயிர் போகும்.

நான்கு கிரே என்பது 70 கிலோ உடம்புக்கு மொத்தம் 280 ஜூல். அரை ஸ்பூனுக்குச் சற்று அதிகமான வெந்நீரைக் குடித்தால் உடம்புக்குள் போகும் சூடு அவ்வளவுதான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறியிருக்கும். சூடாக்கி எதுவும் செய்ய முடியாத இந்தத் துளி ஆற்றல் ஆளைக் கொல்வது எப்படி என்றால், அது வந்து சேரும் பொட்டலத்தின் அளவினால். நாம் பார்க்கும் ஒளியின் ஒரு ஃபோட்டானில் இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் இருக்கும். சீசியத்தின் காமா ஃபோட்டான் ஒன்றில் 6,62,000. டி.என்.ஏ.வில் ஒரு பிணைப்பை அறுக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் போதும். பத்து கிலோ மணலைத் தலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் குளித்துவிட்டு வந்துவிடலாம். அதே பத்து கிலோவை ஒரே கல்லாகப் போட்டால் குளிக்க ஆள் இருக்காது.

எனவே நம் கற்பனைக்குப் போட்ட விதியே ஒரு பொறி. கண் அளப்பது மொத்த ஆற்றலை. உடம்பு படும் பாடு பொட்டலத்தைப் பொறுத்தது.

கீழ்முனைக்கு வருவோம். மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் மேல் எப்போதும் கொஞ்சம் கதிர்வீச்சு விழுந்துகொண்டேயிருக்கிறது. உலக சராசரி, ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். (சீவர்ட் என்பது உடம்புக்கு வரும் தீங்கைக் கணக்கில் எடுத்த அளவு; காமாவைப் பொறுத்தவரை ஒரு கிரே ஒரு சீவர்ட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட்.) இதில் பெரும்பங்கு நாம் மூச்சோடு இழுக்கும் ரேடான் வாயுவிலிருந்து வருகிறது. எங்கும் நிறைந்த இந்தப் பின்புலக் கதிர்வீச்சு தெரிந்தால் உலகமே புகைமூட்டம் போல ஒளிரும் என்று சிலர் நினைப்பதுண்டு. இல்லை. நம் விதிப்படி அது நிலவில்லாத இரவின் நட்சத்திர வெளிச்சத்தை விடப் பல மடங்கு மங்கல். கும்மிருட்டு. கண் எவ்வளவு பழகினாலும் எதையும் பார்க்க முடியாது.

அந்த இருட்டுக்கும் புத்தகம் படிக்கிற வெளிச்சத்துக்கும் நடுவே சுமார் நான்கு கோடி மடங்கு வித்தியாசம் இருக்கிறது. நடுவில் எங்கே பயப்பட ஆரம்பிப்பது? பௌர்ணமி நிலா வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கற்பனை உலகத்தில் அந்த அளவு வெளிச்சம் கதிர்வீச்சிலிருந்து வருகிறதென்றால், அணுத்துறைத் தொழிலாளிக்கு ஓர் ஆண்டுக்கென்று வைத்திருக்கும் சராசரி வரம்பான 20 மில்லிசீவர்ட்டை, இரவு முடிவதற்குள் தாண்டிவிடுவீர்கள். நிலா வெளிச்சத்தைப் பார்த்து யாரும் ஓட மாட்டார்கள், மொட்டை மாடிக்குப் பாயை எடுத்துக்கொண்டு போவார்கள்.

மேல்முனையில், செர்னோபில் நான்காம் உலையின் அடியில் உருகிக் கொட்டி உறைந்த 'யானைக் கால்' இருக்கிறது. உலை எரிபொருளும் காங்கிரீட்டும் மணலும் உலோகமும் ஒன்றாகக் குழைந்து, சுருக்கம் விழுந்த தோல்போல இறுகிய ஒரு மொத்தை. 1986 கடைசியில் கண்டுபிடித்தபோது அதன் அருகே மணிக்கு 8,000 ரான்ட்ஜன் என்ற அளவில் இருந்தது. ரான்ட்ஜன் பழைய அலகு; நூறு ரான்ட்ஜன் ஏறக்குறைய ஒரு கிரே. சுமார் மூன்று நிமிடம் நின்றால் கதை முடியலாம். நம் விதிப்படி அங்கே எவ்வளவு வெளிச்சம்? மேகமூட்டமான பகல் அளவுக்கு. கண்ணைச் சுருக்கக்கூட வேண்டியதில்லை.

கண் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். அது வெளிச்சத்தை அளப்பதில்லை, சமாளிக்கிறது. வெயிலிலிருந்து அறைக்குள் வந்தால் வெளிச்சம் நூறு பங்கு, சில சமயம் ஆயிரம் பங்கு குறைந்திருக்கும்; நமக்கு 'கொஞ்சம் இருட்டு' என்றுதான் படும். கதிர்வீச்சில் ஆயிரம் மடங்கு என்பது ஒரு எக்ஸ்ரே எடுப்பதற்கும் மருத்துவமனையில் படுப்பதற்கும் உள்ள தூரம்.

எப்படித் தெரியும், எது தெரியாது

வெளிச்சத்தின் அளவு இருக்கட்டும், காட்சி எப்படியிருக்கும் என்பது வேறு சங்கதி. கண்ணாடி வில்லை ஒளியை வளைத்துக் குவிப்பதால்தான் நமக்கு உருவம் தெரிகிறது. காமா கதிர் வில்லையில் வளையாது. நேராக ஊடுருவிப் போய்விடும். ஆகையால் நம் விழித்திரைக்குக் காமா கதிரை உணரும் சக்தி வந்தாலும், பார்வை வராது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சூரியனை நோக்கித் திரும்பினால் இமைக்குள் சிவப்பாக ஒரு பரவல் தெரியுமே, அந்த மாதிரிதான் இருக்கும். எங்கோ வெளிச்சம் இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. காமா கேமராக்களில் வில்லைக்குப் பதிலாக, துளை போட்ட ஈயத் தகடோ டங்ஸ்டன் தகடோ இருப்பது இதனால்தான்.

சரி, அதையும் மன்னித்து, உருவம் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். வீடு முழுவதும் தேய்த்த கண்ணாடியால் கட்டியது போலாகிவிடும். சீசியத்தின் காமா கதிரைப் பாதியாகக் குறைக்க ஐந்து சென்டிமீட்டர் காங்கிரீட் வேண்டும், அல்லது முக்கால் சென்டிமீட்டருக்கும் குறைவான ஈயம். அடுத்த ஐந்து சென்டிமீட்டர் மீதியில் பாதியைக் குறைக்கும், அதற்கடுத்தது அதில் பாதியை. எவ்வளவு கனமான சுவர் கட்டினாலும் முழு இருட்டு வராது, மங்கிக்கொண்டே போகும், அவ்வளவுதான். அடுத்த அறையில் இருப்பது சுவர் வழியே கசியும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது உங்கள் நெஞ்சு வழியாகவே மங்கலாகத் தெரியும். நான்கு பக்கமும் கனத்த சுவர் எழுப்பி மேலே கூரை போடாமல் விட்டால், கதிர் வானத்தை நோக்கிப் போய், காற்றில் மோதிச் சிதறி, சுவர் தாண்டிக் கீழே இறங்கும். ஊருக்கு வெளியே நின்று பார்த்தால் தூரத்து நகரத்தின் மேல் வானம் வெளுத்திருக்குமே, அதேபோல. அப்படி மோதித் திரும்பும் கதிர் ஆற்றலை இழந்திருக்கும். ஆற்றலுக்கு ஏற்ப நிறம் கொடுத்தால், நீலமாகப் போனது சிவந்து திரும்பும்.

கதிர்வீச்சின் இன்னொரு வகையான ஆல்ஃபா துகள்களின் கதை நேர் எதிர். காற்றில் சில சென்டிமீட்டர்தான் ஓடும், தண்ணீரில் தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஒரு காகிதம் போதும் நிறுத்த. 2006 நவம்பர் 1 அன்று லண்டன் ஓட்டல் ஒன்றில் முன்னாள் ரஷ்ய உளவாளி அலெக்சாண்டர் லிட்வினென்கோ குடித்த தேநீரில் பொலோனியம்-210 கலந்திருந்தது. ஒரு மில்லிகிராமில் சிறு பின்னம். அது ஏறக்குறைய முழுக்க ஆல்ஃபா மட்டும் விடுவது. நவம்பர் 23 அன்று அவர் இறந்தார். காமா தேடும் கருவியில் ஒன்றும் சிக்காததால், என்ன நஞ்சு என்பது கடைசி நேரத்தில்தான் உறுதியானது. நம் கற்பனை உலகத்திலும் அந்தத் தேநீர்க் கோப்பை இருட்டாகவே இருந்திருக்கும். ஆல்ஃபா கோப்பையைத் தாண்டி நம் கண்வரை வந்தால்தானே தெரிய? குடித்த பிறகு வயிற்றுக்குள் வெளிச்சம், வெளியே ஒன்றுமில்லை.

அரைவாழ்வு, அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைந்து முடிய ஆகும் காலம், அதைப் பற்றிய பயமும் இந்த உலகத்தில் தலைகீழாகும். 'கோடிக்கணக்கான ஆண்டுகள் கதிர் வீசும்' என்று கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது. யோசித்தால், அவ்வளவு காலம் எரிகிற விளக்கு எவ்வளவு மங்கலாக எரிய வேண்டும்? யுரேனியம்-238இன் அரைவாழ்வு 450 கோடி ஆண்டு. ஒரு கிராமில் நொடிக்குச் சுமார் 12,400 அணுக்கள்தான் சிதைகின்றன. 30 ஆண்டு அரைவாழ்வுள்ள சீசியம்-137 ஒரு கிராமில் 3.2 லட்சம் கோடி. எட்டே நாள் அரைவாழ்வுள்ள அயோடின்-131 அதையும் விடப் பல மடங்கு. செர்னோபில் வெடித்த முதல் வாரங்களில் அந்த வட்டாரத்தில் பளிச்சென்று எரிந்திருக்கக்கூடியது இந்த அயோடின்தான். மூன்று மாதத்தில் ஏறக்குறைய அணைந்தும் போயிருக்கும். மிச்சமிருக்கும் சீசியம் இன்று பாதிக்கும் குறைவு.

இன்னொன்று தெளிவாகும். கதிர் பட்டவர் ஒளிர மாட்டார். டார்ச் அடித்தால் நாம் டார்ச் ஆகிவிடுகிறோமா? எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவர் அருகில் குழந்தையை விடலாமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. விடலாம். ஒளிர்வது கதிரியக்கத் தூசி படிந்தவர்தான். துவைத்தால், குளித்தால் பெரும்பகுதி போய்விடும், விழுங்கினால் போகாது. நியூட்ரான் மட்டும் விதிவிலக்கு, அது படும் பொருளையே கதிரியக்கமாக்கிவிடும். ஆனால் எல்லோருமே மிக மிக லேசாக ஒளிர்வார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் ஒரு பங்கு கதிரியக்கமானது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் நொடிக்கு நாலாயிரத்துச் சொச்சம் அணுக்கள் அதனாலேயே சிதைகின்றன. அதை எல்லாம் ஒளியாக்கினாலும் அருகில் இருப்பவருக்குத் தெரியாது.

நிஜமாகவே பார்த்தவர்கள்

கற்பனையை விடுங்கள். கதிர்வீச்சைக் கண்ணால் பார்ப்பது நடக்காத காரியம் அல்ல. 1903இல் வில்லியம் குரூக்ஸ், துத்தநாக சல்ஃபைடு பூசிய திரை அருகே துளி ரேடியத்தை வைத்து பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒவ்வொரு ஆல்ஃபா துகளும் திரையில் மோதும் இடத்தில் ஒரு பொறி. 1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் உதவியாளர்கள் கைகரும் மார்ஸ்டனும் அப்படித்தான் பொறிகளை ஒன்றொன்றாக எண்ணினார்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து எண்ணுவது. அணுவுக்குக் கரு இருக்கிறது என்று நமக்குத் தெரியவந்தது அந்த இருட்டறைக் கணக்கெடுப்பினால்தான். கைகர் பிற்பாடு தன் பெயரில் எண்ணும் கருவியைச் செய்ததற்கு அந்தக் கண்வலியும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இன்னும் அழகானது முகில் அறை. சி. டி. ஆர். வில்சன் 1911இல் அதில் முதல் தடங்களைப் படம் பிடித்தார். இன்று பள்ளி மாணவர்கள்கூட ஒன்று செய்துவிடலாம். கண்ணாடிப் பெட்டி, மேலே ஆல்கஹாலில் நனைத்த துணி, அடியில் உலர்பனி மேல் வைத்த கறுப்புத் தகடு, பக்கவாட்டில் ஒரு டார்ச். தகட்டுக்கு ஒரு விரற்கடை மேலே ஆல்கஹால் ஆவி மெல்லிய தூறலாக இறங்கிக்கொண்டிருக்கும். ஐந்து, பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. திடீரென்று ஒரு வெள்ளை நூல் எங்கிருந்தோ தோன்றி, கலைந்து, தகட்டில் விழுந்து மறையும். அப்புறம் இன்னொன்று. குட்டையாக, தடித்து, பஞ்சுத்திரிபோல வந்தால் ஆல்ஃபா. மெலிந்து, கோணல்மாணலாக அலைந்தால் பீட்டா, அதாவது வேகமாக ஓடும் எலக்ட்ரான். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கோடு கிழித்தது போல நேராகப் போனால் அது வானத்திலிருந்து இறங்கிய மியுவான் என்ற துகள். கடல்மட்டத்தில் உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று அதை ஊடுருவிப் போகிறது. எந்தக் கதிரியக்கப் பொருளும் வைக்காத பெட்டியிலேயே இவ்வளவும் தெரியும். பின்புலக் கதிர்வீச்சு என்று பத்துப் பக்கம் படிப்பதை விட இதன் முன்னால் பத்து நிமிடம் உட்காருவது மேல்.

விண்வெளி வீரர்களுக்குப் பெட்டியும் தேவைப்படவில்லை. 1969இல் அப்போலோ 11 பயணத்தில் பஸ் ஆல்ட்ரின், இருட்டில் பொறிகள் தெரிவதாகச் சொன்னார். பின்னால் போன வீரர்களும் கண்ணை மூடிக்கொண்டே அவற்றைப் பார்த்தார்கள். விண்கதிர்கள் விழியை நேராகத் துளைத்துப் போகும்போது தெரியும் மின்னல் அது. பெரிய அளவில் பார்த்தவரும் இருக்கிறார். 1978 ஜூலை 13 அன்று சோவியத் இயற்பியலாளர் அனதோலி புகோர்ஸ்கியின் தலை, துகள் முடுக்கி ஒன்றின் புரோட்டான் கற்றைக்குள் நுழைந்துவிட்டது. ஆயிரம் சூரியனை விடப் பிரகாசமான ஒளி தெரிந்ததாகச் சொன்னார், வலி இல்லையாம். முகத்தின் இடப்பக்கம் செயலிழந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டார்.

அப்புறம் நீலம். உலைக் குளங்களின் படங்களில் பார்த்திருப்பீர்கள், மயில் கழுத்து நிறத்தில் தண்ணீர் ஒளிரும். 1934இல் பாவெல் செரென்கோவ் ஆராய்ந்த ஒளி அது. தண்ணீரில் ஒளியின் வேகம் முக்கால் பங்காகக் குறைந்துவிடுகிறது. அதை முந்திக்கொண்டு ஓடும் எலக்ட்ரான்கள் விட்டுச்செல்வதுதான் அந்த நீலம். குளக்கரையில் நின்று அதைப் பார்ப்பவருக்கு ஆபத்தில்லை, ஒளி வெளியே வரும், கதிரைத் தண்ணீர் விழுங்கிவிடும்.

காற்றில் நீலம் தெரிந்தால் கதை வேறு. 1946 மே 21, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆய்வகம். இயற்பியலாளர் லூயிஸ் ஸ்லோட்டின் 6.2 கிலோ புளுட்டோனியக் கோளத்தின் மேல் ஒரு பெரிலியக் கிண்ணத்தை, இடையில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்துத் தாங்கியபடி இறக்கிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது; கிண்ணம் மூடிக்கொண்டு அணுப்பிளவுத் தொடர்வினை கிளம்பியது. அறையில் நீல ஒளி பளிச்சிட்டது. கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். ஒன்பது நாளில் இறந்தார். 1999இல் ஜப்பானின் தொக்காய்முராவில் யுரேனியக் கரைசலை வாளியால் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கண்டதும் இந்த நீலம்தான்; அவர்களில் இரண்டு பேர் பிழைக்கவில்லை. ஆபத்து இங்கே பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ஒளி கண்ணை எட்டும் அதே கணத்தில் கதிரும் உடம்பை எட்டிவிட்டது. தெரிந்து என்ன பயன்?

மெதுவாக ஒளிர்ந்த இடங்களிலாவது மக்கள் விலகிப் போனார்களா? மேரி கியூரியும் பியேர் கியூரியும் இரவில் தங்கள் பாரிஸ் கொட்டகைக்கு மறுபடி போவார்களாம், குழாய்களில் ரேடியம் மங்கலாக மின்னுவதைப் பார்ப்பதற்கென்றே. தேவதைக் கதை விளக்குகள் போல இருந்ததாக மேரி பின்னால் எழுதினார். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் ஈயப் பெட்டிக்குள் இருக்கின்றன. 1917 முதல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரத் தொழிற்சாலையில் இளம்பெண்கள் கைக்கடிகார எண்களுக்கு ரேடியப் பூச்சு அடித்தார்கள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். சிலர் இருட்டில் மின்ன வேண்டுமென்று விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் பூசிக்கொண்டார்கள். தாடை எலும்பு அரித்துப் போனது, பலர் இறந்தார்கள்.

நம் பச்சை நிறம் வந்த வழியும் இதுதான். அந்தப் பூச்சில் ஒளிர்ந்தது ரேடியம் அல்ல, அதோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு. ஓயாமல் அடிபட்டு அந்த சல்ஃபைடு சில பத்தாண்டுகளில் களைத்துப்போகும். எனவே நூறு வருடப் பழைய கடிகாரத்தை இருட்டில் வைத்தால் ஒன்றும் மின்னாது. ரேடியத்துக்கு அரைவாழ்வு 1,600 ஆண்டு. அது ஏறக்குறைய முழுசாக உள்ளேயே இருக்கிறது.

மறுபடியும் கோயானியாவுக்கு வருகிறேன். ஏனென்றால் நம் கேள்வியை நிஜத்தில் சோதித்துப் பார்த்த ஊர் அது. ஒரு சிகிச்சை நிலையம் இடம் மாறியபோது அந்த இயந்திரத்தை அங்கேயே விட்டுப் போயிருந்தது. செப்டம்பர் 13 அன்று இரண்டு பேர் உள்ளே புகுந்து, விலை போகும் என்று தலைப்பகுதியைக் கழற்றினார்கள். 18ஆம் தேதி அது பழைய இரும்புக் கடைக்கு வந்தது. அன்றிரவு கடைக்காரர் பார்த்தபோது உள்ளேயிருந்து நீல ஒளி வந்தது. விலைமதிப்பற்றதாகவோ, ஏதோ தெய்வீகமானதாகவோ இருக்கும் என்று நினைத்து வீட்டுக்குள் எடுத்துப் போனார். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் பார்க்க வந்தார்கள். அரிசி அளவுத் துண்டுகளைப் பங்கிட்டுக் கொடுத்தார். சிலர் திருவிழா மினுமினுப்புப் பொடிபோல உடம்பில் பூசிக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தப் பொடி ஒட்டிய கையாலேயே சாப்பிட்டாள். அவள் பிழைக்கவில்லை.

ஒளியைப் பார்த்து யாரும் ஓடவில்லை. வீட்டில் ஒவ்வொருவராக நோயில் விழுவதைப் பார்த்த கடைக்காரரின் மனைவிதான் இந்தப் பொருள்தான் காரணம் என்று சந்தேகப்பட்டார். செப்டம்பர் 28 அன்று மிச்சத்தைப் பையில் போட்டு, பஸ் பிடித்து, சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். அவரும் பிழைக்கவில்லை. ஆனால் அவர் போயிருக்காவிட்டால் இன்னும் எத்தனை பேரோ.

மறுநாள் மருத்துவ இயற்பியலாளர் ஒருவரை வரச் சொன்னார்கள். கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனார். இடத்தை நெருங்கும் முன்பே முள் கடைசிவரை போய் முட்டி நின்றது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே. கருவி கெட்டுப்போச்சு என்று நினைத்து, திரும்பிப் போய் வேறொன்று வாங்கி வந்தார். அதிலும் முள் முட்டி நின்றது. செர்னோபிலிலும் வெடித்த அன்றிரவு இதுவே நடந்தது: கையிலிருந்த கருவிகள் மணிக்கு 3.6 ரான்ட்ஜனுக்கு மேல் காட்டாது, எனவே 3.6 என்றே மேலிடத்துக்குத் தகவல் போனது. எவ்வளவு என்று சொல்லாமல் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் கருவி, கண்ணைப் போலத்தான். கோயானியாவில் அந்த இயற்பியலாளர் இரண்டாவது கருவியோடு போய்ச் சேர்ந்தபோது, தீயணைப்புத் துறையினர் பையை எடுத்து ஆற்றில் வீசிவிடலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நேரத்துக்கு வந்து தடுத்துவிட்டார். அதன் பிறகு நகர விளையாட்டரங்கத்தில் வரிசையாக நிறுத்தி 1,12,000 பேரைச் சோதித்தார்கள்.

மூன்று இதழ் விசிறி போன்ற கதிரியக்க எச்சரிக்கைக் குறி 1946இல் பெர்க்லியின் ஆய்வகத்தில் வரைந்தது. படித்தவர்களுக்கு அது ஆபத்து; மற்றவர்களுக்கு மின்விசிறியோ கப்பலின் சுழல்விசிறியோ. ஆகவே சர்வதேச அணுசக்தி முகமை 2007இல் இன்னொரு குறியையும் சேர்த்தது. 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. சிவப்பு முக்கோணம், மேலே அந்த விசிறியிலிருந்து இறங்கும் அலைகள், கீழே ஒரு மண்டையோடு, பக்கத்தில் ஓடுகிற ஒரு ஆள். கட்டடத்தின் கதவில் இதை ஒட்ட மாட்டார்கள். இயந்திரத்தின் மூடிக்குள்ளே, கதிரியக்கப் பொருள் இருக்கும் உறைமேல் ஒட்டுகிறார்கள், திருகாணியைக் கழற்றுகிறவனின் கண்ணில் மட்டும் படுகிற மாதிரி.